ஆர்எக்ஸ் 100: அரத்தைத் தொடும் முன் ஆர்பிஎம்மை முடிவு செய்யுங்கள்

யமஹா ஆர்எக்ஸ் 100 சிலிண்டரை வாங்கி, எக்ஸாஸ்ட் போர்ட்டின் (எரிந்த புகை வெளியேறும் துளை) மேல் விளிம்பில் கிரைண்டரை நாலு இழுப்பு இழுத்துவிட்டு "போர்ட்டிங் முடிஞ்சுது" என்று திருப்பிக் கொடுக்கும் பட்டறைகள் ஊருக்கு ஊர் உண்டு. வண்டி கத்தும். கீழ் இழுவை போயிருக்கும், மேலேயும் பெரிதாக ஒன்றும் வந்திருக்காது. டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட், டிரான்ஸ்ஃபர் போர்ட் (பெட்ரோலும் காற்றும் கலந்த மிக்சர் சிலிண்டருக்குள் வரும் துளை), ஹெட், சைலன்சர், கார்பரேட்டர் ஐந்தும் ஒரே ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஒத்துப்போனால்தான் பவர். அந்த ஆர்பிஎம் எது என்று முடிவு செய்யாமல் அரத்தை எடுப்பவரிடம் சிலிண்டரைக் கொடுக்கவே கூடாது. 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி இது. நல்ல ஒரிஜினல் சிலிண்டர் கிடைப்பதே இன்று குதிரைக்கொம்பு.

கணக்கிலிருந்து தொடங்குவோம். போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 50 மி.மீ., 98 சிசி. கம்பெனி சொன்ன பவர் 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன். இழுவிசை கொஞ்சமும் குறையாமல் 9000 வரை நீடித்தால் 13.2 வரும். யாராவது 9000-இல் 16 என்று சொன்னால், ஆர்பிஎம்மை ஏற்றியதோடு இழுவிசையையும் (டார்க்) 21 சதவீதம் கூட்டியிருக்க வேண்டும். ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு 8500 முதல் 9000 வரை நியாயமான இலக்கு. 9000-இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர், 10,500-இல் 17.5. பழைய கிராங்க், பழைய பேரிங்கோடு அந்த இரண்டாவது எண்ணுக்கு ஆசைப்படுவது வீண்.

இலக்கு எதுவானாலும் முதல் வேலை லீக் டெஸ்ட். இதைச் செய்யாமல் ஜெட் மாற்றுவதில் அர்த்தமே இல்லை. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் ரப்பர் அடைப்பால் மூடி, பிளக் ஓட்டை வழியாக 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. பேஸ் பேக்கிங், இன்டேக்கில் இருக்கும் ஒருவழி வால்வான ரீட் பிளாக், மேக்னட் பக்க ஆயில் சீல் என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். மேக்னட் பக்க சீல் போயிருந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். ஆக்சிலரேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்காது, மிக்சர் லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து காற்று கூடி) ஒரு நாள் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துவிடும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டுப் புகை தள்ளும், கியர் ஆயில் அளவும் குறையும். இரண்டு சீலும் அதிக விலை இல்லை. எஞ்சினைத் திறந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம்.

போர்ட்டை அளப்பது

கிராங்க் சுற்றும் கோணத்தை அளக்கும் டிகிரி வீல் இல்லையென்றாலும் வெர்னியர் போதும். பிஸ்டனை டாப்பில் நிறுத்துங்கள். பிஸ்டனின் மேல்தலையான கிரவுன் நடுவில் உப்பலாக இருக்கும் என்பதால் அதன் விளிம்பு நிற்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டு, பிஸ்டனை இறக்கி, அந்த உயரத்திலிருந்து போர்ட்டின் மேல் விளிம்பு வரை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். 50 மி.மீ. ஸ்ட்ரோக்கும் 100 மி.மீ. கனெக்டிங் ராடும் என்று வைத்தால், எக்ஸாஸ்ட் 28.2 மி.மீ. ஆழத்தில் திறந்தால் 180 டிகிரி (ஒரு கிராங்க் சுற்றில் போர்ட் திறந்திருக்கும் அளவு), 26.9-இல் 186, 26.0-இல் 190. டிரான்ஸ்ஃபர் 39.9-இல் திறந்தால் 120 டிகிரி, 39.2-இல் 124, 38.2-இல் 130. உங்கள் ராடின் நீளத்தைத் தனியாக அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அதாவது எக்ஸாஸ்ட்டை 1 மி.மீ. உயர்த்தினால் சுமார் 4.5 டிகிரி கூடும். டிரான்ஸ்ஃபரை 1 மி.மீ. உயர்த்தினால் 6 டிகிரி கூடும். அரை மி.மீ. கை தவறுவது கிரைண்டருக்கு ஒரு நொடி வேலை. அதனால்தான் போர்ட்டின் மேல் ஓரத்தில் மார்க்கர் மை பூசி, ஊசியால் கோடு கீறிவிட்டு அந்தக் கோட்டுக்கு 0.3 மி.மீ. முன்பே கிரைண்டரை நிறுத்தி, மிச்சத்தைக் கையால் அரத்தில் எடுக்கச் சொல்கிறார்கள்.

9000 ஆர்பிஎம் இலக்குக்கு எக்ஸாஸ்ட் 184 முதல் 186, டிரான்ஸ்ஃபர் 122 முதல் 124 போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது எக்ஸாஸ்ட் திறந்த பிறகு டிரான்ஸ்ஃபர் திறக்கும்வரை உள்ள நேரம், 30 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். அது குறைந்தால் சிலிண்டரில் அழுத்தம் இறங்குவதற்குள் டிரான்ஸ்ஃபர் திறந்து, எரிந்த புகை கிராங்க்கேஸுக்குள் பின்வாங்கும். புது மிக்சர் கெட்டுப்போகும். எக்ஸாஸ்ட்டைத் தொடாமல் டிரான்ஸ்ஃபரை மட்டும் உயர்த்தியவர்கள் பவர் இழப்பது இதனால்தான்.

கீழ் இழுவையை இழக்காமல் பவர் வேண்டுமென்றால் உயர்த்துவதை விட அகலப்படுத்துவது நல்லது. நடுவே பாலம் இல்லாத ஒற்றை எக்ஸாஸ்ட் போர்ட்டை, இரும்பு லைனரில் போர் அளவின் 62 முதல் 65 சதவீதம் வரை அகலப்படுத்தலாம். 50 மி.மீ. போருக்கு 31 முதல் 32.5 மி.மீ. அதைத் தாண்டினால் ரிங் போர்ட்டுக்குள் புடைத்து வந்து மாட்டும். மேல் விளிம்பு தட்டையாக இல்லாமல் வளைவாக இருந்தால் ரிங் மெல்ல உள்ளே தள்ளப்பட்டுத் திரும்பும். அகலப்படுத்தும் முன் பிஸ்டனை எடுத்து, ரிங்கைச் சுழலாமல் பிடிக்கும் ரிங் பின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரிங்கின் முனைகள் போர்ட்டின் குறுக்கே போகும்படி விட்டால் முதல் ரைடிலேயே ரிங் முறிந்து சிலிண்டரைக் கீறிவிடும். வேலை முடிந்ததும் எல்லா விளிம்பிலும் அரை மி.மீ. சாம்ஃபர் (கூர் போகச் சாய்வாக மழுக்குவது) கொடுத்து, எமரி பேப்பரால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வெறும் பெட்ரோலில் கழுவினால் எமரித் தூள் போகாது.

வெட்டாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சிலிண்டருக்குக் கீழே 0.5 மி.மீ. அலுமினியத் தகடு வைத்தால் எக்ஸாஸ்ட் 2.25 டிகிரியும் டிரான்ஸ்ஃபர் 3 டிகிரியும் கூடும். அதே 0.5 மி.மீ.ஐ ஹெட்டில் திருப்பி எடுத்துவிட வேண்டும். பிடிக்கவில்லையென்றால் தகட்டை எடுத்துவிடலாம். வெட்டிய இரும்பை ஒட்ட முடியாது.

ஹெட்

எக்ஸாஸ்ட்டை உயர்த்தும்போதே கம்ப்ரஷன் குறைந்துவிடுகிறது. பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான். டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் மூடிய பிறகுதான் கம்ப்ரஷன் தொடங்குகிறது. 6.7-க்கு 1 என்று கம்பெனி சொல்லும் விகிதமும் அந்தக் கணக்குதான். எக்ஸாஸ்ட் 180 டிகிரி என்றால் மூடிய பிறகு சிலிண்டரில் இருப்பது 55.3 சிசி, 6.7 வர ஹெட்டில் 9.7 சிசி இடம். போர்ட்டை 186-க்கு உயர்த்தினால் மூடிய பிறகு இருப்பது 52.7 சிசிதான். அதே ஹெட்டோடு ஓட்டினால் விகிதம் 6.4-க்கு இறங்கும். 7.2 வேண்டுமென்றால் ஹெட் 8.5 சிசிக்கு வர வேண்டும்.

அளக்க: எஞ்சினைச் சாய்த்து, பிளக் ஓட்டை நேராக மேலே பார்க்கும்படி வையுங்கள். பிஸ்டன் டாப்பில், விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஹெட்டை மூடுங்கள். 10 மி.லி. சிரிஞ்சில் மண்ணெண்ணெயோடு சிறிது 2டி ஆயில் கலந்து, பிளக் மரையின் கீழ் முனை தொடும்வரை விடுங்கள். விட்ட அளவுதான் உங்கள் ஹெட்டின் சிசி.

லேத்தில் 0.6 மி.மீ. எடுத்தால் சுமார் 1.2 சிசி குறையும். ஆனால் சிசியோடு, பிஸ்டனின் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஸ்குவிஷ் இடைவெளியும் குறைகிறது. 1.5 மி.மீ. ஈயக் கம்பியை, பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் கட்ஜன் பின் திசையில் இரு பக்கமும் வைத்து, ஹெட்டை டைட் செய்து கிக்கரைச் சுற்றி, நசுங்கிய கம்பியை வெர்னியரில் அளக்க வேண்டும். பின்னுக்குக் குறுக்கே வைத்தால் பிஸ்டன் ஆடி அளவு தப்பும். 0.8 முதல் 1.0 மி.மீ. இருக்கட்டும். 0.7-க்குக் கீழே போனால் அதிக ஆர்பிஎம்மில் ராடு நீண்டு, பேரிங் இடைவெளியும் சேர்ந்து பிஸ்டன் ஹெட்டைத் தட்டும். 1.5-க்கு மேல் விட்டால் ஓரத்தில் இருக்கும் மிக்சர் சுழலாமல் கிடந்து நாக்கிங் (மிக்சர் தானாகவே வெடிப்பது) வரும். சிசி சரியாக வந்து ஸ்குவிஷ் தவறினால் ஹெட்டின் ஓரத்தை லேத்தில் மறுபடி கோணம் வைத்து வெட்ட வேண்டும், வேறு வழியில்லை.

சைலன்சர்

"ஒரிஜினல் பைப்பிலேயே பின்னால் இருக்கும் குழாயை எடுத்துவிட்டால் பவர் வரும்" என்பது சத்தத்தைப் பவர் என்று நம்புகிறவர்கள் சொல்வது. எக்ஸாஸ்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, விரியும் கூம்பில் போகும்போது உறிஞ்சும் அலையாகத் திரும்பி சிலிண்டரைக் காலி செய்கிறது. பின் கூம்பில் மோதித் திரும்பும் அலை, வெளியே தப்பிய மிக்சரை போர்ட் மூடுவதற்குள் உள்ளே தள்ளுகிறது. இந்த இரண்டாவது அலை நேரத்துக்கு வருகிறதா என்பதுதான் மொத்தக் கணக்கும்.

பின் கூம்பில் அலை திரும்பும் இடம் வரையுள்ள நீளம், மி.மீட்டரில் = எக்ஸாஸ்ட் டிகிரி × 42,545 ÷ ஆர்பிஎம். 186 டிகிரி, 9000 என்றால் 879 மி.மீ. சிலிண்டரின் போர்ட் முகத்திலிருந்து அளக்க வேண்டும், பைப் தொடங்கும் இடத்திலிருந்து அல்ல. சிலிண்டருக்குள் இருக்கும் நீளத்தை விட்டுவிட்டால் பைப் நீண்டு, இலக்கு ஆர்பிஎம்முக்குக் கீழேயே பவர் முடிந்துபோகும். விரியும் கூம்பின் மொத்தக் கோணம் 8 டிகிரிக்கு அருகில், பின் கூம்பு 15 முதல் 20. பின் கூம்பு செங்குத்தாக இருந்தால் உச்சத்தில் பவர் கூடும். ஆனால் அதைத் தாண்டியதும் சட்டென்று விழும். ரோட்டுக்குச் சாய்வான கூம்பே மேல்.

வால் குழாய், அதாவது ஸ்டிங்கர், சிலிண்டரிலிருந்து கிளம்பும் ஹெட்டர் குழாயின் உள் விட்டத்தில் 0.58 முதல் 0.62 மடங்கு. 35 மி.மீ. ஹெட்டருக்கு 21 மி.மீ. இதைக் குறுக்கினால் கொஞ்ச நேரம் பவர் ஏறுவது போலத் தெரியும், பிறகு பிஸ்டன் கிரவுன் சூடாகிப் பொத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் 1 மி.மீ. பெரிதாகவே வையுங்கள்.

கார்பரேட்டரும் ஜெட்டும்

ஒரிஜினல் மிக்குனி 20 மி.மீ. 24-க்குத் தாவினால் துளையின் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் விழுந்து திக்கும். 9000 இலக்குக்கு 22 தாராளம். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டுவதில் ஒரு பயனும் இல்லை, தூசி ரிங்கைத் தின்னும்.

ஆக்சிலரேட்டரை எட்டில் ஒரு பங்குவரை திறக்கும்போது பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், கால் பங்குவரை ஸ்லைடின் வெட்டும், முக்கால்வரை நீடிலும் கிளிப்பும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் பேசும். எந்த இடத்தில் திக்குகிறதோ அந்த இடத்துக்கான பாகத்தை மட்டும் மாற்றுங்கள். மெயின் ஜெட்டைத் தாராளமாகப் பெரிதாக வைத்து, முழுத் திறப்பில் வண்டி விட்டுவிட்டு அடிக்கும் நிலையிலிருந்து படிப்படியாக இறங்கி வாருங்கள். சுத்தமாக இழுக்கத் தொடங்கிய எண்ணுக்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். முழுத் திறப்பில் டாப் கியரில் ஓட்டி, கிளட்ச் பிடித்து அப்படியே எஞ்சினை நிறுத்திப் பிளக்கைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஐடிலில் வீடுவரை வந்து பார்ப்பது உதவாது. இந்தச் சோதனைக்கு ஊர் ரோடு இடமல்ல.

பிளக்கில் ஒரு குழப்பம்: என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். இன்றைய பாஷில் நேர் எதிர், எண் இறங்க இறங்கக் குளிர்ச்சி. கம்ப்ரஷனை ஏற்றிய எஞ்சினுக்கு ஒரு படி குளிர்ந்தது வேண்டும் என்று கேட்டு, தவறான திசையில் சூடான பிளக்கைப் போட்டு பிஸ்டனில் ஓட்டை போட்டவர்கள் உண்டு.

டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். இதே ராடு நீளத்துக்கு டாப்புக்கு முன் 1.87 மி.மீ. என்றால் 20 டிகிரி, 1.52 என்றால் 18. கம்ப்ரஷனை ஏற்றியிருந்தால் டைமிங்கை முன்னே தள்ளாதீர்கள். முன்னே தள்ளினால் சூடு பிஸ்டனுக்கும், பின்னே இழுத்தால் பைப்புக்கும் போகும்.

கார்பரேட்டர் மாற்றினால் ஆயில் பம்ப் கேபிளின் குறி மறுபடி ஒத்துப்போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பம்பை எடுத்துவிட்டு டேங்க்கில் கலப்பவர்கள் கவனிக்க: ஆயிலைக் கூட்டினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. ஆயில் கூடினால் மிக்சர் லீன் ஆகும், ரிச் ஆகாது. 30-க்கு 1 என்று ஒன்றைப் பிடித்து, ஜெட் செட் செய்த பிறகு மாற்றாதீர்கள்.

பிடித்த பிஸ்டன் காரணத்தைச் சொல்லும். நாலு மூலையிலும் கீறல் என்றால் கிளியரன்ஸ் போதவில்லை அல்லது எஞ்சின் சூடாகுமுன் முறுக்கியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் லீன். இன்டேக் பக்கம் என்றால் ஆயில் போதவில்லை. கிரவுனின் ஓரம் எறும்பு அரித்தது போலப் பொடிப்பொடியாக இருந்தால் நாக்கிங். கம்ப்ரஷனையும் டைமிங்கையும் பாருங்கள்.

இப்போது பங்க்கில் வரும் இ20 பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதும் என்பதால், பழைய ஜெட்டில் அதே எஞ்சின் லீனாக ஓடும். பழைய பெட்ரோலில் செட் செய்த வண்டி என்றால் மெயின் ஜெட்டை ஓரிரு படி ஏற்றி மறுபடி பிளக் பாருங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஃபுளோட் பவுலைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டால் தண்ணீர் அடியில் தங்கி பைலட் ஜெட்டை அடைக்கும், பழைய ரப்பர் குழாய்களும் ஊறிப்போகும்.