ஓடுகிற வண்டிகள்: ஒரு வேலூர் நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கியது. கோட்டைப் பக்கம் டீக்கடையில் பழைய கார் பிரியர்கள் நாங்கள் வழக்கமாகக் கூடுகிற நேரத்தில் காட்பாடி அண்ணனிடமிருந்து போன். அவருடைய அம்பாசடர் பாலாற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. நானும் ஆற்காட்டுப் பெரியவரும் போனோம். பெரியவர் பானெட்டைத் தூக்கியதுமே சொல்லிவிட்டார், ஏர் லாக்.

பழைய பெட்ரோல் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருக்கும். இன்ஜின் சூடும் வேலூர் வெயிலும் சேர்ந்தால் பம்ப்பிலும் குழாயிலும் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்ப் ஆவியைத் தள்ளாது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்பரேட்டர் காய்ந்து, வண்டி இரண்டு முறை திணறி நின்றுவிடும். பெரியவர் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து பம்ப்பின் மேல் சுற்றினார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நின்றோம். அப்புறம் ஒரே செல்ஃபில் எடுத்தது.

டீக்கடைக்கு வந்ததும் வாணியம்பாடித் தம்பி கேட்டான், "அண்ணே, டேங்க் பக்கத்துல ஒரு எலக்ட்ரிக் பம்ப் வெச்சுட்டா இந்தத் தொல்லையே இருக்காதே?" சரியான கேள்வி. பம்ப் சூட்டிலிருந்து விலகிவிடும். பெட்ரோலும் டேங்க்கிலிருந்தே அழுத்தத்தோடு வருவதால் அவ்வளவு சுலபத்தில் ஆவியாகாது. எனக்குப் பிடித்த மாடிஃபிகேஷன் இந்த மாதிரிதான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ஆனால் வண்டி வழியில் நிற்காது.

மே 11, 2025, ஞாயிறு

இன்று முழுக்க ஹெரால்டு பேச்சுதான். எழுதாமல் தூங்க முடியாது.

பெரியவரின் வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு இரண்டு கதவோடுதான் விற்றது. நாலு கதவு வைத்தது நம் ஊர் ஸ்டாண்டர்ட் கம்பெனி, வண்டலூர்ப் பக்கம். குடும்பத்தோடு போகிறவர்கள் முன் சீட்டை மடக்கிப் பின்னால் நுழைந்து கஷ்டப்படக் கூடாது என்று, இருக்கிற டிசைனிலேயே கதவை வெட்டிச் சேர்த்தார்கள். கம்பெனியே செய்த மாடிஃபிகேஷன் என்று சொல்லலாம். உலகத்தில் வேறெங்கும் இந்த வண்டி இல்லை என்பதை இளைஞர்கள் நம்பவே இல்லை.

பானெட் திறக்கிற விதத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் போனை எடுத்தார்கள். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிச் சாயும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். 948 சிசி இன்ஜின். தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அதன் மேல் போல்ட் போட்ட பாடி. துரு பிடித்த பகுதியை மட்டும் கழற்றி டிங்கரிங் பண்ணி மறுபடி மாட்டிவிடலாம். இன்றைய வண்டிகளில் பாடியும் சேசிஸும் ஒன்றுதான், வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த வண்டி ஐம்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்பக்கம் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாகத் திருப்பினால் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். 1972-இல் வந்த கேஸல் வண்டியில் இதே கம்பெனி அதை எடுத்துவிட்டு சாதாரண ஆக்ஸில் போட்டது. பெரியவருக்கு அந்தக் குணம் அத்துப்படி. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். ஓட்டுகிறவர் வண்டியைப் புரிந்துகொண்டு ஓட்டுவதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ராணிப்பேட்டை சார் ஒரு யோசனை சொன்னார். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய, அசல் மாறாத வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். இருபதாயிரம் ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்கு. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று வரும். பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்புறம் தெனம் ஓட்டலாமா?" முடியாது. வின்டேஜ் வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும் கொண்டுபோகலாம், அன்றாட உபயோகத்துக்கு அனுமதி இல்லை. "அப்ப இன்னாத்துக்குப்பா அது? நான் மார்க்கெட்டுக்குப் போவணும், பேத்திய ஸ்கூல்ல வுடணும். வூட்ல நிக்க வெச்சு கற்பூரமா காட்டுறது?"

அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஆவணப்படுத்த ஒரு விதி வேண்டும், சரி. ஆனால் ஓட்டுவதற்காகச் செய்த பொருளை ஓட்டாமல் காப்பாற்றுவது பாதிக் காப்பாற்றல்தான்.

மே 25, 2025, ஞாயிறு

புதிதாக வந்த ஒரு கல்லூரி மாணவர் என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சார் ஸ்பெஷல்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். 1997 மாருதி 800, வெள்ளை, கார்பரேட்டர் மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர், 12 இன்ச் டயர். சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் நம் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரு 800 நின்றது. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி முடிந்தது. எல்லாரிடமும் இருந்ததால் யாரும் பத்திரப்படுத்தவில்லை. இப்போது நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா டோல்கேட் வரை போய்த் திரும்பினாலும் நல்ல நிலையில் ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். ஹெரால்டை நாலு பேர் நின்று பார்ப்பார்கள், 800-ஐ யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நம் அப்பா அம்மாவுக்கு முதல் காராக இருந்தது எது? முதன்முதலாக ஏசியின் குளிரில் திருப்பதிக்குப் போனது எதில்? அந்த மாணவர் வீட்டில் விசாரித்துவிட்டுச் சாயங்காலம் மெசேஜ் அனுப்பினார். அவருடைய தாத்தாவிடமும் ஒரு 800 இருந்ததாம்.

ஜூன் 15, 2025, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை அப்படியே பதிந்துவைக்க வேண்டும்.

சிஎம்சிக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வருகிறவர்களை வேலூரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம், கடை போர்டுகளிலேயே வங்காள எழுத்து இருக்கிறது. அப்படி ஒருவர், அறுபது வயது இருக்கும், கையில் ஸ்கேன் கவரோடு போனவர் காட்பாடி அண்ணனின் அம்பாசடரைப் பார்த்து நின்றுவிட்டார். பக்கத்தில் வந்து பானெட்டின் மேல் கை வைத்தார். ஏதோ சொன்னார், எங்களுக்குப் புரியவில்லை. வாணியம்பாடித் தம்பிக்கு வீட்டில் உருது என்பதால் அவன் இந்தியில் பேசிப் பார்த்தான்.

அவருடைய மாமா உத்தரபாராவில், இந்த வண்டி செய்த தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு டிசைனை வாங்கி 1950-களின் கடைசியில் தொடங்கி, 2014 மே மாதம் கதவைச் சாத்தும் வரைக்கும் அங்கேதான் அம்பாசடர் வந்துகொண்டிருந்தது. சங்கு ஊதினால் ஊரே சைக்கிளில் கிளம்பும் என்றார். கொல்கத்தாவில் பதினைந்து வயதான டாக்சிகள் ஓடக் கூடாது என்பதால் மஞ்சள் அம்பாசடர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன என்றார். இவ்வளவு தூரம் வந்து ஒன்று ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்போம் என்று அவர் நினைக்கவில்லை.

அண்ணன் ஒரு காலத்தில் இதே வண்டியைக் காட்பாடி ஸ்டேஷனில் டாக்சியாக ஓட்டியவர், அப்புறம் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொண்டார். ரயிலில் வந்து இறங்கும் நோயாளிகளைப் பின் சீட்டில் படுக்க வைத்தே கூட்டிவந்திருக்கிறார், அவ்வளவு அகலம். ஒன்றும் பேசாமல் பின் கதவைத் திறந்தார். "ஐயாவ லாட்ஜ்ல வுட்டுட்டு வரேன், நீங்க டீ சொல்லி வையுங்க." அந்த வங்காளத்து ஐயாவின் மனைவிக்குப் புதன்கிழமை ஆபரேஷனாம்.

ஜூன் 18, 2025, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணன் சொன்னார்.

ஜூலை 6, 2025, ஞாயிறு

வாணியம்பாடித் தம்பி ஆம்பூர்ப் பக்கம் ஒரு கொட்டகையிலிருந்து கான்டெஸா வாங்கிவிட்டான்! பாடி நன்றாக இருக்கிறது, இன்ஜின் இல்லை. ஏதாவது ஜீப் டீசல் இன்ஜினை உள்ளே இறக்கி, அகல டயர் போட்டு, சைலன்ஸரை மாற்றி... அவன் மனசில் ஒரு பெரிய திட்டம். நாங்கள் எல்லாரும் சேர்ந்து பேசினோம், கொஞ்சம் சூடாகவே.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ரக இன்ஜினை மாற்ற வேண்டுமென்றாலும் ஆர்டிஓவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்சியில் பதிய வேண்டும். கலர் மாற்றினாலும் பதிய வேண்டும். பதியாமல் விட்டால், நாளைக்கு விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ் தகராறாகும்.

சட்டத்தை விடுங்கள், வண்டிக்கே அது நல்லதல்ல. ஜீப் இன்ஜினின் எடை முன்பக்கம் விழுந்தால் ஸ்பிரிங், ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் கணக்குத் தப்பும். 1984-இல் கான்டெஸா வந்தபோது அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினே அதிலும் இருந்தது, அந்தப் பெரிய உடம்புக்கு அது போதவில்லை. பிறகு கம்பெனியே இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜினைக் கொடுத்தது, அஞ்சு கியரோடு. வண்டிக்கு உயிர் வந்தது அப்போதுதான். தம்பியின் ஆர்சி புக்கிலும் அந்த 1.8 தான் இருக்கிறது. அதையே தேடிப் போடு என்று பெரியவர் சொன்னார். "ஷோவுக்குப் பண்ணா ஒரு வருஷம் ஓடும். ஓட்டறதுக்குப் பண்ணா உன் புள்ளயும் ஓட்டுவான்." தம்பி பதில் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது இன்ஜின் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கூட்டம் குறைவு, பேச்சு முழுக்க இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றி. எல்லாருக்கும் பயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வரையில் பழைய வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியது இது. எத்தனால் பழைய ரக ரப்பரை ஊற வைத்து இளக்கிவிடும், ஆகவே பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஹோஸ் கசிந்து சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்க்கில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். தினமும் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் தங்குவதே இல்லை, அதனால் அந்தத் தொல்லை குறைவு. எத்தனாலின் சக்தி பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு, மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

என் 800-இல் எல்லா ஹோஸையும் ஜூலையிலேயே மாற்றியாகிவிட்டது. கூடவே ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டேன். பழைய வயரிங்கில் லைட்டுக்கான மொத்தக் கரண்ட்டும் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே சுற்றி வரும், வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். ரிலே போட்டால் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். அதே பல்பு, ஆனால் ராத்திரியில் வாலாஜா தாண்டி ரோடு தெளிவாகத் தெரிகிறது. எதிரே வருகிறவர் கண்ணைக் குத்துகிற வெள்ளை லைட் மாட்டுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு

இரண்டு சேதி. இருபது வயது தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாயாக உயர்த்தி இந்த வாரம் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. பெரியவர் கட்டுவார், அண்ணன் கட்டுவார், நானும் கட்டுவேன். ஆனால் 800-ஐ இன்னும் வேலைக்கு ஓட்டுகிற எத்தனையோ பேருக்கு, வண்டியைக் காயலான் கடைக்கு விட்டால் கிடைக்கிற பணத்தில் பெரிய பங்கு அது. போட்டு உடைப்பதைவிட நன்றாகப் பராமரிக்கிறவனுக்கு ஒரு சலுகை வைத்திருக்கலாம். எஃப்சியை, அதாவது வண்டியின் தகுதிச் சோதனையை, எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பார்க்கட்டும், புகையைச் சோதிக்கட்டும், பிரேக்கைச் சோதிக்கட்டும். தேறுகிற வண்டியிடம் வயதுக்காக மட்டும் பணம் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, கான்டெஸாவுக்கு இசுசு இன்ஜின் கிடைத்துவிட்டது. ஆர்டிஓவில் அனுமதி வாங்கி நேற்று இறக்கினார்கள், இன்று மத்தியானம் ஸ்டார்ட் ஆனது. தம்பி வாணியம்பாடியிலிருந்து வீடியோ அனுப்பினான். இன்ஜின் வால்வுப் பக்கம் டேப்பட் சத்தம் கொஞ்சம் அதிகம், கார்பரேட்டர் டியூனிங் பாக்கி, பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டர் இன்னும் வரவில்லை. பல காலம் கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிக் கழுவச் சொல்லியிருக்கிறேன். அகல டயர் ஆசையை விட்டுவிட்டானாம், கம்பெனி சைஸே போதும் என்கிறான். பூஸ்டருக்குப் பெரியவர் வேலப்பாடியில் ஒரு பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறார்.