லிதுவேனியாவில் பூர்வீகம் தேட: முதலில் பங்கின் பெயரைப் பிடியுங்கள்

"கொள்ளுத்தாத்தா கோவ்னோவிலிருந்து கப்பலேறியவர்." அமெரிக்காவில் குடியேறிய லிதுவேனியக் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதை நம்பிக் கௌனஸ் நகரத்துக்கு டிக்கெட் போட்டால் பணம் வீண். லிதுவேனியா ரஷ்ய ஜார் ஆட்சியில் இருந்த காலத்தில் கோவ்னோ (கௌனஸின் அன்றைய பெயர்) ஒரு நகரம் மட்டுமல்ல, பெரிய மாகாணமும்கூட. சுவால்கியும் அப்படித்தான். சுவால்கி நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. ஆனால் அந்த மாகாணத்தின் வடபாதி, நெமுனஸ் ஆற்றின் இடக்கரையில், லிதுவேனியாவுக்குள் கிடக்கிறது.

தேட வேண்டியது பங்கின் பெயர், அதாவது ஒரு கிறிஸ்தவக் கோவிலுக்கு உட்பட்ட வட்டாரத்தின் பெயர். 1940 வரை, கடலோர க்ளைபேடா பகுதி நீங்கலாக, பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் எழுதி வைத்தது சமய அமைப்புகள்தான். எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் என்று தெரிந்துவிட்டால் மற்றவை வரிசையாக வரும். ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் சிக்கல், ஒரே பெயரில் பல குக்கிராமங்கள் உண்டு. (யூதக் குடும்பங்களுக்கு இந்த வழி உதவாது. அவர்களுக்கு லிதுவேனிய யூதப் பூர்வீகம் தேடும் லிட்வாக்சிக் குழுவின் தரவுத்தளம்தான் நுழைவாயில். அவர்களின் இத்திஷ் மொழியில் ஊர்ப்பெயர்களும் வேறு: உக்மெர்கே அங்கே வில்கோமிர்.)

பங்கின் பெயர் பெரும்பாலும் கிடைப்பது லிதுவேனியாவில் அல்ல, குடியேறிய நாட்டில். பழைய கப்பல் பட்டியல்களில் பெரும்பாலும் 'ரஷ்யா' என்றுதான் இருக்கும். 1906 செப்டம்பருக்குப் பிறகான அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த ஊர் இருக்கும், குமாஸ்தா காதில் விழுந்தபடி. இவற்றைவிட நம்பகமானது பென்சில்வேனியாவின் ஷெனாண்டோவா போன்ற நிலக்கரி ஊர்களிலும் சிகாகோவிலும் உள்ள லிதுவேனியக் கோவில்களின் திருமணப் பதிவேடு. அதுவும் இல்லையென்றால் கல்லறைக் கல். பழைய கற்களில் மூன்று சொற்கள் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும்: ரேதிபா (மாகாணம்), அப்ஸ்க்ரிதிஸ் (மாவட்டம்), பராபியா (பங்கு). மூன்றாவதற்கு முன்னால் இருக்கும் பெயர்தான் நமக்கு வேண்டியது.

அடுத்து தலைநகர் வில்னியஸுக்கு ஓடத் தேவையில்லை. பழைய ஏடுகள் பெரும்பாலும் அங்குள்ள வரலாற்று ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஏராளமானவற்றின் படங்களை 'எபாவெல்தஸ்' இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சுவால்கிப் பக்கத்துப் பெயர்களுக்குப் போலந்துக்காரர்களின் 'கெனெதெகா' அட்டவணையையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

ஏட்டைத் திறந்ததும் பலர் மிரள்வது மொழியைப் பார்த்து. பழையவை லத்தீன், பிறகு போலிஷ், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ரஷ்யன், முதல் உலகப் போருக்குப் பிறகுதான் லிதுவேனியன். சுவால்கிப் பக்கம் 1868 முதல் ரஷ்யன். அங்கே ஒவ்வொரு பதிவும் ஒரே மூச்சில் எழுதிய நீண்ட பத்தி: தகப்பன் வந்தார், வயது இன்னது, இன்ன கிராமத்து விவசாயி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் குழந்தையைக் காட்டினார், தாய் இன்னார், அவள் பிறந்த குடும்பம் இன்னது, ஞானப்பெற்றோர் இன்னார், எழுதப் படிக்கத் தெரியாததால் நாம் மட்டும் கையெழுத்திட்டோம். எண்கள்கூட எழுத்தில்தான். ஆனால் ரஷ்ய எழுத்தில் பெயரை எழுதியவர் பக்கத்திலேயே அடைப்புக்குள் போலிஷில், அதாவது லத்தீன் எழுத்தில், மறுபடி எழுதியிருப்பார். அந்த அடைப்புகளை மட்டும் கண்ணால் மேய்ந்தால் ரஷ்யன் தெரியாதவரும் பக்கத்தை நிமிடத்தில் முடிக்கலாம். ஆண்டுக் கடைசியில் பெயர் அட்டவணை இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

இந்தப் பதிவுகளில் இரண்டு தேதிகள் தெரியும், பயப்பட வேண்டாம். 3/15 என்றால் ரஷ்யப் பேரரசின் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் 3, நம் கணக்கில் 15. 19ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13. கோவ்னோ மாகாண ஏடுகளில் ஜூலியன் மட்டுமே.

பெயரில்தான் அதிகம் வழுக்குவார்கள். கஸ்லௌஸ்கஸ் என்பவர் ஏட்டில் கோஸ்லோவ்ஸ்கி. அமெரிக்காவில் சார்லஸ் என்று செத்தவர் ஞானஸ்நானத்தில் கசிமியெரஸாக இருக்கலாம். பெண்கள் பெயரின் வால் தனிக்கதை: கஸ்லௌஸ்கஸின் மனைவி கஸ்லௌஸ்கியெனே, மகள் கஸ்லௌஸ்கைதே. கல்யாணத்தோடு பெண்ணின் இனிஷியல் மாறுவதைப் பார்த்த நமக்கு இது உடனே பிடிபடும். 2003 முதல் வெறும் 'ஏ' விகுதியும் சட்டப்படி செல்லும் என்பதால், இளைய தலைமுறைப் பெண்ணின் பெயரை வைத்து மணமானவரா என்று முடிவு கட்டாதீர்கள்.

உயிரோடு இருக்கும் உறவு வேண்டுமென்றால் கொள்ளுத்தாத்தாவை விட்டுவிடுங்கள். ஊரில் தங்கிப்போன அவருடைய அண்ணன், தங்கையைப் பிடித்துக் கீழே வாருங்கள். சுமார் நூறாண்டுக்கு உட்பட்ட பதிவுகள் எளிதில் திறக்காது. 1941இலும் 1948-49இலும் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட குடும்பமென்றால் வில்னியஸின் சிறப்பு ஆவணக் காப்பகத்தில் கோப்பு இருக்க வாய்ப்புண்டு. பலர் சறுக்கும் இடம் இன்னொன்று: குடியுரிமை மீட்பு. 1940 ஜூன் 15க்கு முன் முன்னோர் லிதுவேனியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 1905இல் போனவர் விட்டுப்போனது ரஷ்யப் பேரரசை, லிதுவேனியக் குடியரசு பிறந்ததோ 1918இல்.

இனி பயணம். வில்னியஸிலிருந்து பழைய சுவால்கி மாகாணத்து ஊரான மரியாம்போலே சுமார் 140 கி.மீ., பேருந்து உண்டு. கிராமங்களுக்கு வார இறுதியில் பேருந்தை நம்ப முடியாது, வாடகைக் கார்தான். வரைபடத்தில் இருக்கும் கிராமம் தரையில் இல்லாமல் போகலாம். இரு போர்களுக்கு இடையில் கிராமங்களைப் பிரித்துத் தனித்தனிப் பண்ணைகளாக்கினார்கள். சோவியத் காலத்தில் வடிகால் வெட்டிப் பெருவயல் அமைத்தபோது அந்த வீடுகளில் ஏராளமானவற்றை இடித்தார்கள். வயல் நடுவே தனியாக ஓக் மரங்கள் நின்றால் அங்கே ஒரு முற்றம் இருந்திருக்கக்கூடும்.

ஆகவே வீட்டைத் தேடாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கல்லில் ஆள் பெயர் இல்லாமல் 'கஸ்லௌஸ்கூ ஷெய்மா' என்று மட்டும் இருக்கலாம். கஸ்லௌஸ்கஸ் குடும்பம் என்று பொருள். 'அஸ்' வாலைத் தேடுகிறவர் இதைத் தாண்டிப் போய்விடுவார். கல்லறை மணலில் வாரி இழுத்த கோடும் புதுப்பூவும் இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அருகில் செனியூனியா என்ற உள்ளூராட்சி அலுவலகம் இருக்கும், அங்கே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வயதானவர்களுக்கு ரஷ்யன் தெரியும், இளைஞர்களுக்கு ஆங்கிலம்.

எழுதிப் போடுவதென்றால் லிதுவேனிய மொழியில், பழைய புகைப்படத்தோடு, நிலம் கேட்டு வரவில்லை என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். 1991க்குப் பின் பறிக்கப்பட்ட நிலங்களைத் திருப்பிக் கொடுத்த நாடு அது, சந்தேகம் இயல்பு. வீட்டுக்குப் பூ கொண்டுபோனால் ஒற்றைப்படையில்தான், இரட்டைப்படை இறந்தவர்களுக்கு.

தேதி உங்கள் கையில் என்றால் நவம்பர் 1, 2. நம்மூர்க் கத்தோலிக்கர்களுக்கும் தெரிந்த கல்லறைத் திருநாள்தான். வெளியூர் போனவர்கள்கூட அன்று சொந்தக் கல்லறைக்குத் திரும்பி வந்து மூடி போட்ட மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், மதியமே போய்விடுங்கள். யாரும் வராவிட்டால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் லிதுவேனிய மொழியில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உங்கள் மெழுகுவர்த்திக் கூட்டின் அடியில் வையுங்கள். பேனா மை மழையில் கரையும், பென்சிலால் எழுதுங்கள்.