பேட்டையில் பறவைக் கணக்கு: ஐந்து புள்ளி, பத்து நிமிடம்

சிங்கப்பூரில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் சுங்கை பூலோ, புலாவ் உபின், புக்கிட் தீமா என்று பெயர்கள் வரிசையாக வரும். அங்கெல்லாம் ஏற்கெனவே ஆள் நிறைய. எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பரவல் கணக்கெடுப்பில் ஓட்டை விழுவது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே உள்ள புல்வெளிகளிலும் கால்வாய் ஓரங்களிலும்தான். அதனால் இந்தக் கணக்கு பேட்டைக்குள்ளேயே, அதாவது குடியிருப்பு வட்டாரத்துக்குள்ளேயே, எடுக்கப்படுகிறது.

வரைபடத்தில் 1 கி.மீ. சதுரம் ஒன்று. அதற்குள் ஐந்து புள்ளிகள்: தூங்குமூஞ்சி மர வரிசை, கால்வாய் வளைவு, ஈரச்சந்தையின் பின்புறம், திறந்த புல்வெளி, பலமாடி கார் நிறுத்தத்தின் மேல்தளம். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 200 மீட்டர் இடைவெளி. வந்து நின்றதும் 2 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். ஆள் வந்த பதற்றம் அடங்கட்டும். பிறகு 10 நிமிடம், 50 மீட்டர் வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ண வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டியே விடிகிறது. 7:15க்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிடலாம்.

முதலில் எப்போதும் மர வரிசையில் தொடங்கி மேல்தளத்தில் முடிப்பதாகத்தான் திட்டம். அது தப்பு. விடிந்த கையோடு பறவைகள் கத்தும் அந்த அரை மணி நேரம் எப்போதும் முதல் புள்ளிக்கே போனது; கடைசிப் புள்ளிக்கு வெயிலும் புல்வெட்டும் இயந்திரச் சத்தமும்தான் மிச்சம். இப்போது தொடங்கும் புள்ளி வாரம் ஒன்றாக மாறுகிறது. ஐந்து வாரத்தில் ஒரு சுற்று.

தாளில் மூன்று பத்திகள்: பார்த்தது, கேட்டது, மேலே பறந்து போனது. மூன்றாவதைப் பிரிக்காவிட்டால் மேல்தளப் புள்ளி உழவாரன்களால் வீங்கிவிடும். அவை அந்த இடத்தைப் பயன்படுத்தவில்லை, கடந்து போகின்றன. கூட்டு உழவாரன் வகைகளைப் பறக்கும்போது பிரித்துச் சொல்ல முடியாது. ‘உழவாரன், இனம் தெரியாது’ என்று எழுதுவதுதான் நேர்மை.

கேட்டதில்தான் பெரிய சிக்கல். புளோக்குகளின் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும். ஒரே குயில் எதிரெதிர்த் திசைகளில் கூவுவதுபோல் கேட்டு, கணக்கில் இரண்டாகிவிடும். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கேட்டால்தான் இரண்டு. இடைவெளி விட்டுக் கேட்டால் ஒன்று என்றே எழுத வேண்டும். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி காட்டும் பெயரை மட்டும் நம்பிப் பட்டியலில் சேர்ப்பதும் வேண்டாம். காட்டோரப் பேட்டைகளில் துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை எடுத்துக் கத்தும். செயலி ஏமாறும், நாமும் ஏமாறுவோம்.

ஜாவா மைனா 1920களில் கூண்டுப் பறவையாக வந்து, இன்று நாட்டு மைனாவைப் பல இடங்களில் ஓரம் கட்டிவிட்டது. கொண்டையும் கருஞ்சாம்பல் உடலும் இருந்தால் ஜாவா. பழுப்பு உடல், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருந்தால் நாட்டு மைனா. ஈரச்சந்தைப் புள்ளியில் மைனா எண்ணிக்கை தினம் ஒரு மாதிரி ஆடும், ஏனென்றால் அது சிந்திய சோற்றைப் பொறுத்தது. நம்பகமான எண் வேண்டுமென்றால் மாலை 6:30 முதல் 7:15 வரை அடையும் மரத்தடியில் நின்று, வந்து சேரும் கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். தொப்பி அவசியம். காரணம் சொல்லத் தேவையில்லை.

அதிகம் தவறு நடப்பது பஞ்சுருட்டானில். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் ஆண்டின் முற்பகுதியில் வந்து இங்கே கூடு கட்டி, செப்டம்பர் வாக்கில் போய்விடும். அது கிளம்பும் நேரத்தில்தான் நீலவால் பஞ்சுருட்டான் வலசை வருகிறது. வளர்ந்த பறவையில் குழப்பமில்லை: முன்னதுக்குத் தலை செம்பழுப்பு, தொண்டை நீலம், பின்னதுக்குத் தலை பச்சை, தொண்டை செம்பழுப்பு. ஆனால் நீலத்தொண்டையின் குஞ்சுக்கும் தலை பச்சைதான். ஆகஸ்ட்டில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பச்சைத் தலையைப் பார்த்து ‘நீலவால் சீக்கிரமே வந்துவிட்டது’ என்று எழுதினால், வலசைத் தேதியே தவறாகப் பதிவாகும். தொண்டை தெரியும்வரை காத்திருங்கள்.

கால்வாயில் நிற்கும் மடையான் என்ற கொக்கு வகைக்கும் இதே கதை. சீன, ஜாவா, இந்திய மடையான்கள் குளிர்காலத் தோற்றத்தில் ஒன்றுபோலவே கோடு போட்ட பழுப்பாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் இனப்பெருக்க நிறம் ஏறும்போது சீன மடையானின் தலையும் கழுத்தும் அரக்கு நிறமாகும். ஜாவாவுக்குத் தலை பொன்பழுப்பு, முதுகு கறுப்பு. இந்தியாவுக்குத் தலை வெளிர்மஞ்சள், முதுகு அரக்கு. அதற்கு முன் வெறும் ‘மடையான்’ போதும்.

பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஐந்து புள்ளிக்கும் ஐந்து தனிப் பட்டியல், ‘நின்று பார்த்தது’ என்ற வகையில். மொத்த நடையையும் ஒரே பட்டியலாகப் போட்டால் கால்வாய் மீன்கொத்தி ஈரச்சந்தைக்குக் குடிபோய்விடும். எண் தெரியவில்லை என்று எக்ஸ் போடாமல் தோராய எண்ணாவது எழுதுங்கள். தெரிந்த எல்லா இனத்தையும் எழுதியிருந்தால் மட்டும் ‘முழுப் பட்டியல்’ என்று குறியுங்கள். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை ‘இல்லை’ என்று பொருள்படும்.

பேட்டைக்கு வெளியே போவது கண்ணைப் பழக்க. செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோ. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 பேருந்து. மண்டாய் சேற்றுத்திட்டில் மேயும் பவளக்காலி, சின்னக் கோட்டான், பொன்னிற உப்புக்கொத்தி எல்லாம் கடல் ஏறும்போது இங்கே ஒதுங்கும். ஆகவே காலையா மாலையா என்பதைவிட உயர்ஏற்ற நேரம்தான் முக்கியம், அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தெற்குக் கரை நிலையத்தின் கடல் ஏற்ற அட்டவணை வடக்கு நீரிணைக்கு அப்படியே பொருந்தாது. இவை பழைய இறால் குளங்கள், மதகு வைத்து நீர்மட்டம் மாற்றப்படுகிறது. குளம் நிரம்பியிருந்தால் சரியான நேரத்துக்குப் போனாலும் நிற்க இடமில்லாமல் பறவைகள் வேறெங்கோ இருக்கும்.

அக்டோபர், நவம்பரில் தெலுக் பிளாங்கா மலைப்பூங்கா: தேன்பருந்தும் வல்லூறும் 10 மணிக்கு மேல், வெப்பக்காற்று எழும்பிய பிறகே வரும். வெறும் நீல வானத்தைவிட வெண்மேகப் பின்னணியில் எளிதாகக் கண்ணில் படும். உபினுக்கு சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். 2018 முதல் மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்ட வைக்கோல்தலைச் சின்னான் அங்கே சோடியாகப் பாடும். சோடிப் பாட்டு ஒன்று கேட்டால் எண் இரண்டு.

கருவி: 8x42 பைனாகுலர் போதும். குளிர்சாதன அறையிலிருந்து நேரே எடுத்து வந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து முதல் புள்ளி வீணாகும். கிளம்ப அரை மணி முன் சன்னலோரம் வைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில். இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், துடைத்தால் போகாது. இடி கேட்டால் மேல்தளப் புள்ளியை அப்படியே விட்டு இறங்கி, 10 என்று இல்லாமல் நின்ற நிமிடங்களை மட்டும் எழுதுங்கள்.