களிமண்ணாகவும் இருக்கலாம்

அறிக்கையில் 'களிமண்ணாகவும் இருக்கலாம்' என்று நான் எழுதிய வரியை எடுத்துவிடச் சொன்னார் உடன் வேலை பார்த்தவர். நான் மறுத்துவிட்டேன். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

குப்பைக் கிடங்கின் ஓரமாக எலக்ட்ரோடுகள் (மின்சாரம் செலுத்தும் உலோகக் கம்பிகள்) நட்டு, மண்ணுக்கடியில் மின்சாரம் பாய எவ்வளவு தடை இருக்கிறது என்று காட்டும் மின்தடைப் படம் எடுத்திருந்தோம். கிடங்கின் அடியிலிருந்து சரிவை நோக்கி ஒரு நீல நாக்கு நீண்டிருந்தது. நீலம் என்றால் மின்தடை குறைவு, இங்கே 10 ஓம்-மீட்டருக்கும் குறைவு. குப்பையிலிருந்து ஊறிவரும் கசிவுநீரில் உப்புகள் கரைந்திருக்கும், மின்சாரம் சுலபமாகப் பாயும். அதனால் மின்தடை இப்படித்தான் விழும். ஈரக் களிமண்ணிலும் இப்படித்தான் விழும், அதுதான் சிக்கல். கருவி அளப்பது மின்தடையை, மாசை அல்ல. போதாக்குறைக்கு, எல்லைகளைக் கணினி மழுக்கித்தான் தருகிறது. ஒரே அளவீட்டுக்குப் பொருந்துகிற படங்கள் பல உண்டு.

ஆகவே "கசிவாக இருக்கலாம், களிமண்ணாகவும் இருக்கலாம், துளையிட்டு நீர் மாதிரி எடுத்து உறுதிசெய்ய வேண்டும்" என்று எழுதினேன்.

"சார், களிமண் என்று பார்த்தாலே போதும், அறிக்கையை வாங்குகிறவர்கள் துளை போடமாட்டார்கள்" என்றார். "உங்களுக்கே அது கசிவு என்றுதானே தோன்றுகிறது?"

தோன்றியது உண்மைதான். நிலத்தடி நீர் போகிற திசையிலேயே அந்த நாக்கு நீண்டிருந்தது. ஆனால் தோன்றுவதையெல்லாம் எழுத முடியுமா? பெட்ரோல் கசிவையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கசிந்தால் மின்தடை கூடும். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்கி வருடங்கள் போனால் அதே இடத்தில் குறையவும் கூடும். தூண்டு முனைவாக்க அளவீடும் (மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மண் சற்று நேரம் மின்னேற்றத்தைப் பிடித்துவைப்பதை அளப்பது) சேர்த்து எடுத்திருந்தால் களிமண்ணையும் உப்புநீரையும் ஓரளவு பிரித்திருக்கலாம். கேட்டேன், பணம் ஒதுக்கவில்லை.

அவர் சொன்னபடியே ஆயிற்று. அறிக்கையை வாங்கியவர்கள் களிமண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் இருந்த பகுதியை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. அடியில் இருப்பது என்ன என்று எனக்கு இன்றும் தெரியாது.

வெறும் களிமண்ணாக இருந்தால் என் வரி சரி, அவர் பதறியது வீண். கசிவாக இருந்தால்? அப்போதும் என் வரி சரிதான். பொய் ஒன்றும் எழுதவில்லையே. எப்படிப் பார்த்தாலும் சரியாகவே நிற்கிறது என்பதுதான் அந்த வரியில் எனக்குப் பிடிக்காதது.

இப்போதெல்லாம் எங்கே, எவ்வளவு ஆழத்துக்குத் துளையிட வேண்டும் என்பதை முதலில் போட்டுவிடுகிறேன். களிமண் அப்புறம்தான் வரும். அதிலும் சிலர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, கசிவு உறுதி என்று படித்துவிடுகிறார்கள்.