கார்டன் டார்ட்டன்: நெய்ததும் கொசுவம் பிடித்ததும்

நெய்ய எடுத்துக்கொண்டது கார்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையின் டார்ட்டன், அதாவது அந்தப் படைக்குரிய கட்டம்போட்ட கம்பளித் துணி; அதில் 13 அங்குல உயரத்தில் ஒரு குட்டி கில்ட், பின்புறம் கொசுவம் வைத்த ஸ்காட்லாந்துப் பாவாடை. பிரிட்டிஷ் அரசுப் படைகளின் நீலம், கறுப்பு, பச்சைக் கட்டத்தில் பச்சையின் நடுவே மஞ்சள் கோடு. 1793இல் ஸ்காட்லாந்தின் ஹன்ட்லி ஊர்த் துணி உற்பத்தியாளர் வில்லியம் ஃபோர்சைத் ஒன்று, இரண்டு, மூன்று கோடுகள் போட்டு மாதிரி கொடுத்தார். நிலைத்தது ஒற்றைக் கோடு.

இழைக்கணக்கு: நீலம் 12, கறுப்பு 2, நீலம் 2, கறுப்பு 2, நீலம் 2, கறுப்பு 12, பச்சை 12, மஞ்சள் 2, பச்சை 12, கறுப்பு 12, நீலம் 12, கறுப்பு 2, நீலம் 2. பிறகு அதே வழியில் திரும்பி வர வேண்டும். முதல் நீலமும் கடைசி நீலமும் திருப்பங்கள். ஒரு சுற்றில் ஒரே ஒரு முறைதான் வரும். சுற்றுக்கு 158 இழை. எண்ணிப் பார்த்து 172 வந்தால் திருப்பங்களை இருமுறை கோத்தாயிற்று என்று அர்த்தம்; அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை.

பாவு (நீளவாக்கு நூல்) 316 இழை, கம்பளி நூல், நான்கு விழுது (பாவு இழைகளைத் தூக்கும் சட்டம்), இரண்டு மேலே இரண்டு கீழே போகும் ட்வில் என்ற சாய்வரி நெசவு. தறியில் அங்குலத்துக்கு 22 இழை. கழுவிக் காய்ந்தபின் 24.

கில்ட்டில் துணியைக் குறுக்காகத் திருப்பித்தான் உடுத்துவார்கள். கரை கீழ்விளிம்பாகிவிடும், மடித்துத் தைக்க வேண்டாம். பின்புறம் நெடுக்காகத் தெரிவது ஊடையின் (குறுக்கு நூலின்) கோடுகள். அதனால் ஊடையை நெருக்கும் அடி சீராக விழாவிட்டால் கெடுவது கொசுவம். முடிந்த துணியில் அங்குலத்துக்கு 24 ஊடை இருக்கவேண்டிய இடத்தில் 22 ஆனால், 6.6 அங்குலச் சுற்று 7.2 ஆகிறது, எட்டுக் கொசுவத்தில் கிட்டத்தட்ட 5 அங்குலம் எகிறும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அளவுகோல் வைப்பது நல்லது.

மற்றவர்கள் பெரும்பாலும் கட்டம் அப்படியே தொடர்வதுபோல் மடிப்பார்கள். கார்டன் படையினர் கோட்டுக்கு மடித்தார்கள்: ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் மஞ்சள். சுற்றுக்கு இரண்டு மஞ்சள் வரும்; ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்தால் மற்றது மடிப்புக்குள் போய்விடும். வெளியே தெரிவது முக்கால் அங்குலம், ஆழம் 2.9 அங்குலம்.

இடுப்பை நோக்கிக் குறுக்கும்போது இருபுறமும் சமமாக எடுக்க வேண்டும். முதல் மூன்று கொசுவங்களில் ஒரே பக்கம் எடுத்ததால் மஞ்சள் சாய்ந்துபோனது. கருநீலத்தில் இந்தத் தவறு கண்ணில் படாது. மஞ்சளில் பத்தடி தூரத்திலேயே தெரிகிறது. மூன்றையும் பிரித்து, நடுக்கோட்டில் நூலோட்டிவிட்டுத் திரும்பத் தைத்தாயிற்று.