அறுபதும் பதினைந்தும்

யாழ்ப்பாணத்தில் பி1 எனப்படும் இடைநிலைவரை பிரெஞ்சு படித்துவிட்டு லியோன் நகருக்குப் போனபோது, இலக்கணம் கைகொடுக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். பாரிஸ் லா சப்பலில் சித்தப்பா இருந்தும் அங்கே தங்காததற்குக் காரணம் உண்டு: முருங்கைக்காய் முதல் ஒடியல் மாவரை தமிழிலேயே கேட்டு வாங்கக்கூடிய தெருவில் பிரெஞ்சு வாயில் ஏறாது.

முற்பகலில் வகுப்பு, பிற்பகலில் சிறிய அலுவலகமொன்றில் பயிற்சி. மாணவர், கல்வி நிறுவனம், வேலைத்தலம் ஆகிய மூன்று தரப்பும் கையொப்பமிட்ட உடன்படிக்கை இருந்தால்தான் பயிற்சியைத் தொடங்கலாம்.

எனக்கு உண்மையில் மொழியைக் கற்பித்தது அந்த அலுவலகத்தின் தொலைபேசிதான். பிரான்சில் தொலைபேசி இலக்கங்களை இரண்டிரண்டாகச் சொல்வார்கள்; அறுபது ‘சுவாசாந்த்’, எழுபத்தைந்தோ ‘சுவாசாந்த்-கேன்ஸ்’, அதாவது அறுபதும் பதினைந்தும். முதற்சொல் காதில் விழுந்ததும் என் பேனா 6 என்று எழுதிவிடும். அதை வெட்டி 7 ஆக்குவதற்குள் அடுத்த சோடி கடந்துபோயிருக்கும். தொண்ணூற்றேழு இன்னும் கடினம்: நான்கு இருபது, பத்து, ஏழு. சொல் முழுதாக முடியும்வரை பேனாவைத் தாளில் வைக்க வேண்டாம் என்று அருகில் இருந்த அம்மையார் பொறுமையோடு சொல்லித்தந்தார். வகுப்பில் எவரும் சொல்லாத அந்தப் பாடத்தை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஊர் திரும்புமுன் லா சப்பலுக்குப் போனேன். பல ஆண்டுகளாக அங்கே வாழும் சித்தப்பா, மேசை லாச்சியில் இருந்த அரச அலுவலகக் கடிதமொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வரிவரியாக வாசித்து, தமிழில் சொன்னேன்.