இரண்டு நிமிட சிசிடிவி வீடியோவும் என் மூன்று நாளும்

மேல்மாடி அங்கிளின் ஸ்கூட்டரை யாரோ பார்க்கிங்கில் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் கேமரா பதிவை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவரு, கொஞ்சம் போட்டுப் பாருங்க" என்று அங்கிள் அதை என் கையில் திணித்தது வெள்ளிக்கிழமை ராத்திரி. வீடியோ இரண்டே நிமிடம். ஒழுங்காக ஓட வைக்க ஞாயிறு இரவு ஆனது. இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஆறு வயதான ரைசன் 3 லேப்டாப். அதில் ஃபெடோரா (லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று) போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கோப்பை இரட்டைச் சொடுக்கினால், "ஹெச்.265 டீகோடர் வேண்டும், அது நிறுவப்படவில்லை" என்று ஒரு பெட்டி. (ஹெச்.265 வீடியோவைச் சுருக்கும் முறை, டீகோடர் அதை விரித்துக் காட்டும் நிரல்.) தேடிப் பார்க்கவா என்று அதுவே கேட்டது. சரி என்றேன். எதுவும் கிடைக்கவில்லை என்றும் அதுவே சொன்னது.

பென்டிரைவில் வீடியோவோடு ஒரு எக்ஸி கோப்பும் (விண்டோஸ் நிரல்) இருந்தது. கேமரா மாட்டியவருக்குப் போன் போட்டேன். "அதான் சார் பிளேயர். அதை ரன் பண்ணுங்க. ஆன்டிவைரஸ் கத்தும், ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க." கத்துவதற்காகத்தானே ஐயா அதை வைத்திருக்கிறோம்! விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயினில் ஓட்டலாமே என்று ஒரு கணம் தோன்றியது. ஒயின் ஒன்றும் பாதுகாப்பு வேலி இல்லை. என் மொத்தக் கோப்பு அமைப்பையும் இசட் டிரைவ் என்று அந்த நிரலின் கையில் கொடுத்துவிடும். விட்டுவிட்டேன்.

அந்தப் புத்தி அடுத்த ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, எங்கேயோ கண்ட ஒற்றை வரிக் கட்டளையை அப்படியே டெர்மினலில் ஒட்டி, சூடோ கடவுச்சொல்லும் (ரூட்டாக, அதாவது முழு நிர்வாகியாக ஓட்ட அனுமதி) கொடுத்தேன். நாற்பது பொதிகள் (நிரல் தொகுப்புகள்) மடமடவென்று இறங்கின. வீடியோ ஓடவில்லை. என்னதான் செய்தது என்று பார்க்கப் போனால், யாருடையது என்றே தெரியாத ஒரு ரெப்போவை (பொதிகள் இறங்கும் கிடங்கு) சேர்த்து வைத்திருக்கிறது. முகவரி வெறும் ஹெச்டிடிபி, பூட்டில்லாத இணைப்பு. கீழே 'ஜிபிஜிசெக்' என்ற வரியில் 0. கையொப்பம் சரிபார்க்காதே என்று அர்த்தம். அதாவது வழியில் யார் எதை மாற்றி அனுப்பினாலும் என் கணினி கேள்வி கேட்காமல் ரூட் அதிகாரத்தோடு நிறுவிக்கொள்ளும். எக்ஸிக்குப் பயந்தவன் செய்த காரியம் இது.

ஃபெடோராவில் பொதிகளை நிறுவும் டிஎன்எஃப்-இல் கடைசி நிறுவலைத் திருப்பிப் போடும் வசதி உண்டு. பொதிகள் போய்விடும். ஆனால் நிறுவும்போது ரூட்டாக ஓடிய ஸ்கிரிப்ட்கள் என்ன செய்துவிட்டுப் போயின என்று யார் சொல்வது? சனிக்கிழமை முழுக்க பேக்கப் எடுத்து, ஐஎஸ்ஓ (நிறுவும் கோப்பு) இறக்கி, அது மாறாமல் வந்ததா என்று செக்சம் பார்த்து, முதலிலிருந்து போட்டேன். "அந்த வீடியோவுக்கா இவ்வளவு?" என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை பதில் சொல்லவில்லை.

ஃபெடோராவில் இது ஏன் இல்லை என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. 'புரொப்ரைட்டரி கோடெக்' (தனியுரிமைச் சுருக்க நிரல்) என்று எல்லோரும் சொல்வதால் நிரலே மூடிய ஒன்று என நினைத்திருந்தேன். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரல் தொகுப்பில் இருக்கும் ஹெச்.265 டீகோடர் திறந்த மூலம்தான். சிக்கல் காப்புரிமை. 2013-இல் வந்த அந்த முறைக்கு உரிமை கோருபவர்கள் பல குழுக்களாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஃபெடோராவின் பின்னால் இருப்பது ரெட் ஹேட் என்ற அமெரிக்க நிறுவனம், வழக்குக்கு இழுத்தால் மாட்டும். இதற்கு முந்தைய முறையான ஹெச்.264-க்கு மட்டும் சிஸ்கோ தன் செலவில் உரிமம் கட்டி ஓப்பன்ஹெச்264 என்ற நிரலைத் தருகிறது. அதைத்தான் முதலில் நிறுவிப் பார்த்து ஏமாந்தேன். பெயரில் ஓர் எண் தள்ளிப் போனாலும் பயன் பூஜ்யம்.

சரியான வழி ஆர்பிஎம் ஃப்யூஷன், ஃபெடோரா வைக்காதவற்றைத் தரும் வெளி ரெப்போ. ரெப்போவைச் சேர்த்தேன், கையொப்பச் சாவியின் கைரேகையை (அடையாள எண்) அவர்கள் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டேன் (ஒய் அழுத்துவதற்கு முன்னால், தயவுசெய்து), பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரே ஒரு இடறல்: ஃபெடோரா ஏற்கெனவே எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ என்ற குறைத்த வடிவத்தை வைத்திருக்கிறது. மேலேயே நிறுவப் போனால் இரண்டும் மோதும். 'இன்ஸ்டால்' வேண்டாம், ஒன்றை எடுத்து மற்றதைப் போடும் 'ஸ்வாப்' கொடுங்கள்.

வீடியோ ஓடியது. ஓடியது என்று சொல்லக்கூடாது, நொண்டியது. 4கே கேமராவாம். மூன்று நொடிக்கு ஒரு படம், ஃபேன் மட்டும் விமானம் ஏறுகிற சத்தம். லேப்டாப் கிழடு தட்டிவிட்டது, ரேம் போட்டால் சரியாகும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு ஞாயிறு காலை கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டுக்குக் கிளம்பினேன். பென்னிகானஹள்ளியில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தால், பாதிக் கடைக்கு மேல் ஷட்டர் இறக்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை! பதினொரு வருடமாக பெங்களூரில் இருக்கிறேன், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

திறந்திருந்த ஒரு கடையில் தமிழ்க்காரர். லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல ரேம் போர்டோட சால்டர் பண்ணது, ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "லினக்ஸ எடுத்துட்டு விண்டோஸ் போட்டுடலாம், ஐநூறு ரூபா, எல்லா கோடெக்கும் ஃப்ரீயா ஏத்தித் தரேன்." அந்த 'ஃப்ரீ' எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் வழியில் மெட்ரோவில்தான் விஷயம் பிடிபட்டது. 2022-இல் ஃபெடோரா 37 வந்த சமயத்தில், இதே காப்புரிமைக் காரணத்துக்காக கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசாவிலிருந்து ஹெச்.264, ஹெச்.265 வன்பொருள் டீகோடிங்கை (கிராஃபிக்ஸ் சிப்பே வீடியோவை விரிப்பது) எடுத்துவிட்டார்கள். ஏஎம்டி கிராஃபிக்ஸ்காரர்கள் எல்லோரும் மாட்டினோம். என் சிப்பால் முடியும், டிரைவர்தான் விடவில்லை. வீட்டுக்கு வந்து, டிரைவர் எந்தெந்த வீடியோ முறைகளை விடுகிறது என்று காட்டும் விஏஇன்ஃபோ கட்டளையை ஓட்டினேன். பட்டியலில் ஹெச்இவிசி என்ற பேச்சே இல்லை (ஹெச்.265-இன் இன்னொரு பெயர் அது). ஆர்பிஎம் ஃப்யூஷனின் ஃப்ரீவேர்ல்ட் டிரைவருக்கு ஸ்வாப் செய்தேன். மறுபடி ஓட்டினால் இரண்டு வரி முளைத்திருந்தது. ஃபேன் அடங்கியது, வீடியோ வழுக்கிக்கொண்டு போனது. ரேம் வாங்கக் கிளம்புமுன் அந்த ஒரு கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.

இதற்குள் எனக்குச் சந்தேக புத்தி வந்துவிட்டது. எக்ஸியை ஒதுக்கினேன் சரி, யாரோ கொடுத்த வீடியோ மட்டும் சுத்தமா? டீகோடர்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதியவை, கோணலான கோப்பு வந்தால் நினைவகத்தில் தடுமாறுபவை. 2016-இல் கிறிஸ் எவன்ஸ் என்ற ஆய்வாளர் (நடிகர் இல்லை) ஒரு பழைய சூப்பர் நின்டெண்டோ இசைக் கோப்பை வைத்தே ஃபெடோராவுக்குள் புகுந்து காட்டினார். திறக்கக்கூட வேண்டியதில்லை. டவுன்லோட்ஸில் விழுந்தால் போதும், தேடலுக்காக அட்டவணை போடும் நிரல் தானாகப் போய்த் திறந்து பார்க்கும். 2024 டிசம்பரில் கிட்ஹப்பின் பாதுகாப்புக் குழு ஜிஸ்ட்ரீமர் என்ற வீடியோ, ஆடியோ நிரல் தொகுப்பில் மட்டும் 29 ஓட்டைகளைச் சொன்னது. 1.24.10 பதிப்பில் அடைத்தார்கள்.

அதனால் இப்போது வெளியாள் கொடுக்கும் வீடியோ எல்லாம் ஃபிளாட்பேக் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் முறை) விஎல்சி பிளேயரில்தான். அதுவும் இயல்பாக எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அனுமதியோடு வருகிறது. சாண்ட்பாக்ஸ் என்ற பெயரை நம்பி விட்டுவிடாதீர்கள். அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீலில் போய் அதை ஒரே ஒரு ஃபோல்டருக்குச் சுருக்கி, நெட்வொர்க்கையும் அணைத்தேன். வீடியோ பார்க்க அதற்கு இணையம் எதற்கு?

புதன்கிழமை ஒரு பின்குறிப்பு வந்தது. அப்டேட் கொடுத்தால் மெசா மோதுகிறது. ஃபெடோராவில் புதுப் பதிப்பு வந்துவிட்டது, ஆர்பிஎம் ஃப்யூஷனில் இன்னும் வரவில்லை. 'அலவ் இரேசிங்' (மோதும் பொதிகளை நீக்க அனுமதி) சேர்த்து ஓட்டச் சொல்லும், ஓட்டாதீர்கள். பாடுபட்டுப் போட்ட டிரைவரையே அது தூக்கிவிடலாம். இரண்டு நாள் பொறுத்தேன், தானே சரியானது.

ஸ்கூட்டரை இடித்தது தண்ணீர் டேங்கர். ரிவர்ஸ் எடுக்கும்போது நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்தது. 4கே-யால் அந்த ஒரு நன்மை. வாட்ஸ்அப்பில் போக வேண்டும் என்பதால் ஹெச்.264-ஆக மாற்றி அங்கிளுக்கு அனுப்பினேன்.

பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்குமுன் அந்த எக்ஸியை அழித்துவிட்டேன். மறுநாள் செயலாளர் லிஃப்டில் நிறுத்திக் கேட்டார்: "சார், அதுல இன்னொரு ஃபைல் இருந்துச்சே, எங்க?"